தொழிற்சாலையில் உழவருக்கு என்ன வேலை?

விடியற்காலை நான்கு மணிக்கு முறைத் தண்ணீர் வருகிறது. மடையை வெட்டிவிட வேண்டும். மண்வெட்டியைக் காணோம். மாட்டுத் தொழுவத்தில் தேடி, வைக்கோல் போரடியில் தேடி, நேற்று இரவல் வாங்கிப் போன பங்காளி வீட்டுக் கதவைத் தட்டி, கடைசியில் அது வாழைத் தோட்டத்து வரப்பிலேயே கிடக்கக் கண்டு எடுத்து வருவதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அந்த அரை மணித் தண்ணீர் வடிகாலில் ஓடியது. இப்படி ஒரு நாளாவது அல்லாடாத விவசாயி இருக்க மாட்டார்.

உரச் செலவு, நடவுக் கூலி, உழவு வாடகை எல்லாம் நோட்டில் ஏறுகின்றன. தேடிய நேரம் ஏறுவதில்லை. தொழிற்சாலைகளில் இதற்கும் கணக்கு உண்டு. உலகெங்கிலுமிருந்து ஆட்கள் போய்ப் பார்த்து வரும் சில ஜப்பானிய ஆலைகளில் இந்தக் கணக்குதான் முதல் கணக்கு.

"ஆலையில் கூரைக்கு அடியில் வேலை. உழவருக்கு வானத்துக்கு அடியில் வேலை. இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். மழையை எந்த ஆலைக்காரராலும் ஒழுங்குபடுத்திவிட முடியாது. ஆனால் மோட்டார் கொட்டகை, உர மூட்டை அடுக்கிய அறை, நாற்றங்கால், களம் ஆகியவை உழவரின் கைக்குள் இருப்பவை. ஆலைகளைப் பார்த்து இவற்றுக்குக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பார்க்கப் போனவர்கள்

இன்று பிறர் வந்து பார்க்கும் ஜப்பானியர்கள், முன்பு தாங்களே பார்க்கப் போனவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

சாகிச்சி டொயோடா என்பவர் 1867-ல் ஒரு தச்சரின் மகனாகக் கிராமத்தில் பிறந்தவர். ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். 1890-ல் டோக்கியோவில் உவேனோ என்ற இடத்தில் தொழிற் பொருட்காட்சி நடந்தது. சாகிச்சி நாள் தவறாமல் அங்கே போய், இயந்திரங்களுக்கு முன்னால் நின்று அவை ஓடும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே ஆண்டில் ஒரே கையால் இயக்கக்கூடிய மரத்தறி ஒன்றைச் செய்து முடித்தார். பிற்பாடு அவர் செய்த தறிகளில், இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். கெட்ட துணியை முழம் முழமாக நெய்துவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, கெட்ட இடத்திலேயே நிறுத்திச் சரி செய்வது மேல் என்பது அதன் தத்துவம்.

அவருடைய மகன் 1937-ல் மோட்டார் கம்பெனி தொடங்கினார். 1950-ல் கம்பெனி கடனில் மூழ்கியது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், தலைவரே பதவி விலகுதல் என்று எல்லாம் நடந்து முடிந்தன. அந்த நேரத்தில்தான் அவர் குடும்பத்தைச் சேர்ந்த எய்ஜி டொயோடா அமெரிக்கா போய், டெட்ராய்ட் பக்கத்தில் உள்ள ஃபோர்டு ஆலையைப் பார்த்தார். ஃபோர்டு அப்போது நாள் ஒன்றுக்கு 8,000 வண்டிகள் செய்தது. டொயோட்டா செய்தது 40.

நாற்பது வண்டிக்காரர் எட்டாயிரம் வண்டிக்காரரிடம் எதை வாங்கி வர முடியும்? அந்த இயந்திரங்களை வாங்கப் பணமில்லை. அந்த அளவு ஆலை கட்ட இடமுமில்லை, வண்டி வாங்க ஆளுமில்லை. இரண்டு ஏக்கர் விவசாயி நூறு ஏக்கர் பண்ணையைப் பார்த்துவிட்டு வருகிற நிலைமைதான். எய்ஜியும், அவருக்குப் பின் போன மற்றோர் அதிகாரியும் கொண்டுவந்த சரக்குகளில் ஒன்று, பைசாச் செலவில்லாதது. ஃபோர்டு ஆலையில், வேலையை இன்னும் எளிதாக்குவது எப்படி என்று தொழிலாளர் எழுதித் தரும் யோசனைத் திட்டம் ஒன்று இருந்தது. அதை 1951-ல் டொயோட்டாவில் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. தினமும் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவதற்கு ஜப்பானியர் 'கைசன்' என்று சொல்வார்கள். மேலான நிலைக்கு மாற்றுவது என்று அதற்குப் பொருள்.

1956-ல் போனவர் தாய்ச்சி ஓனோ. அவர் மோட்டார் ஆலைகளையும் பார்த்தார். ஆனால் அவர் மனத்தில் அதிகம் பதிந்தது காய்கறியும் மளிகையும் விற்கும் கடை! 'சூப்பர் மார்க்கெட்' என்ற அந்தக் கடைகளைப் பற்றி அவர் முன்பே கேள்விப்பட்டு, தம் பிரிவில் அதே முறையை முயன்று பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வருபவர் தமக்கு வேண்டியதை, வேண்டிய அளவில் தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார். எடுத்த இடம் காலியானால் அந்த அளவு மட்டும் பின்னாலிருந்து வந்து நிரம்புகிறது. ஆலையிலும் அப்படியே செய்தால் என்ன என்பது ஓனோவின் கேள்வி. அடுத்த கட்டத்தில் வேலை செய்பவர் எடுத்துப் போன அளவுக்கு மட்டுமே முந்திய கட்டத்தில் உற்பத்தி. எவ்வளவு எடுத்தார் என்பதைச் சொல்ல ஒரு சிறு அட்டை போதும். அந்த அட்டைக்குக் 'கான்பான்' என்று பெயர். தேவைக்கு மேல் செய்து குவிப்பதுதான் வீண்களில் பெரிய வீண் என்று ஓனோ கருதினார். குவித்ததைச் சுமக்க ஆள், வைக்க இடம், காக்கக் காவல், கெட்டால் நஷ்டம் என்று ஒரு வீண் நாலு வீணைக் கூட்டி வரும் அல்லவா?

ஐந்து சொற்கள்

ஜப்பானிய ஆலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் சொற்கள் ஐந்து. சைரி என்றால் வேண்டாததைக் கழிப்பது. சைடன் என்றால் வேண்டியதை அதனதன் இடத்தில் வைப்பது. சைசோ என்றால் துப்புரவு. இந்த மூன்றும் நிலைக்கும்படி ஒரு முறை வகுப்பது சைகெட்சு. சொல்லாமலே செய்யும் பழக்கமாக்குவது ஷிட்சுகே. ஐந்தும் 'ச' ஓசையில் தொடங்குவதால் இதற்கு '5 எஸ்' என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டுத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டால் இந்தப் பெயரை உடனே சொல்வார்கள்.

இதைப் பெருக்கித் துடைக்கும் வேலை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. உதாரணமாக, தெளிப்பானை எடுத்துக்கொள்வோம். களை முளைத்த வயலில் 2,4-டி களைக்கொல்லி அடித்த அதே தெளிப்பானை, தண்ணீரில் ஒரு முறை அலசிவிட்டு, மறுவாரம் பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்க எடுக்கிறார்கள். பருத்தி இந்தக் களைக்கொல்லியை ஒரு துளியும் தாங்காது. குழாயிலும் தொட்டியின் அடியிலும் ஒட்டியிருந்த மிச்சமே போதும், இலைகள் குறுகி விரல் விரலாகப் பிரிந்து வெண்டை இலை போல ஆகிவிடும். காய்ப்பு குறையும். "விதை கலப்படம்", "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான், அதன் மேல் சிவப்புப் பெயின்டில் பெரிதாக ஒரு கோடு, அதற்குத் தனி ஆணி என்று வைத்துவிட்டால் இந்த நஷ்டம் இல்லை. படிக்கத் தெரியாத ஆளும் சிவப்புக் கோட்டைப் பார்த்து விலகுவார். இதுதான் சைடன்.

இதைவிட முக்கியமானது பூச்சி மருந்து வைக்கும் இடம். மீதி மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி, ஓலை இடுக்கில் செருகி வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பேச வராத குழந்தைகள் இதற்குப் பலியாகியிருக்கின்றனர். வந்த பாட்டிலிலேயே, சீட்டுக் கிழியாமல், பூட்டிய பெட்டியில், விதைக்கும் தீவனத்துக்கும் அப்பால் மருந்து இருக்க வேண்டும். தேதி கடந்ததை வைத்திருக்கக் கூடாது. ஆலைகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகப்படும் பொருளில் ஒரு சிவப்புச் சீட்டைத் தேதி போட்டுக் கட்டிவிடுவார்கள். குறித்த நாளுக்குள் யாரும் அதை எடுக்காவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். வீட்டில் பூச்சி மருந்துக்கு இவ்வளவு யோசனை கூடத் தேவையில்லை. பாட்டிலில் அச்சிட்ட காலாவதித் தேதியே சிவப்புச் சீட்டு. அதற்காக மிச்சத்தை வாய்க்காலில் கொட்டிவிடக் கூடாது. எப்படி ஒழிப்பது என்று வேளாண் அலுவலரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

உர அறையிலும் அப்படியே. புதிய மூட்டை வந்ததும் பழையதன் மேல் போட்டுவிடுகிறோம். அடி மூட்டை ஈரம் ஏறிக் கட்டி தட்டுகிறது. உயிர் உரப் பாக்கெட் ரசாயன உர மூட்டையோடும் வெயிலிலும் கிடந்தால் அதிலுள்ள நுண்ணுயிர் செத்து, வெறும் தூள்தான் மிஞ்சும். முதலில் வந்தது முதலில் வெளியே போகும்படி அடுக்குவது ஆலைகளில் பாலபாடம்.

மண்வெட்டிக்கு வருவோம். ஆலைச் சுவரில் கருவிகள் தொங்கும் பலகையில், ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டால் வரைந்திருப்பார்கள். ஸ்பானர் இல்லாவிட்டால் ஸ்பானரின் நிழல் மட்டும் தெரியும். எது குறைகிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் வரைந்தாலும் இது நடக்கும்.

சாக்பீஸ் வட்டம்

ஓனோவைப் பற்றிச் சொல்வதில் ஒன்று மிகவும் பெயர் பெற்றது. புதிதாக வந்த அதிகாரியை ஆலைத் தரையில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் நிறுத்திவிட்டுப் போய்விடுவாராம். மணிக்கணக்கில் நின்று ஒரே வேலையைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து, "என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், இன்னும் நிற்க வேண்டியதுதான். கொஞ்சம் கடுமையான வாத்தியார்!

நடவு நாளில் விவசாயி வரப்பில் நிற்கிறார். ஆனால் அவர் பார்ப்பது ஆட்கள் வேலை செய்கிறார்களா என்பதை மட்டுமே. வேலை எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. நாற்று முடி வந்து சேராமல் நடவு ஆட்கள் கையைக் கட்டி நின்றது எத்தனை தடவை? முடி சுமப்பவர் வயலின் அந்தக் கோடிக்கு எத்தனை நடை நடந்தார்? நடவு தொடங்குமுன் முடிகளை வயல் முழுதும் இடைவெளி விட்டு வீசி வைத்த இடத்தில் இந்த நிற்றலும் நடத்தலும் இல்லை. பல ஊர்களில் இது பழக்கமாகவே இருக்கிறது. நம் பாட்டன்மார் சாக்பீஸ் வட்டம் இல்லாமலே கண்டுபிடித்த கைசன் அது. ஆனால் அதே விவசாயியின் களத்தில், நெல்லைத் தூற்றி ஓர் இடத்தில் குவித்து, பிறகு சாக்கு இருக்கும் மறு கோடிக்குச் சுமந்துபோய் மூட்டை பிடிப்பதையும் பார்க்கலாம். சாக்கும் கோணி ஊசியும் சணலும் குவியலுக்குப் பக்கத்தில் வர வேண்டுமே தவிர, குவியல் சாக்கைத் தேடிப் போகக் கூடாது.

நெல் வயலுக்கு வந்த மோட்டார் கம்பெனி

ஜப்பானில் நாகோயா நகரைச் சூழ்ந்த அய்ச்சி மாகாணத்தில், முதியவர்களான சிறு விவசாயிகள் தங்கள் வயல்களைச் சாகுபடி நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். நிறுவனத்துக்குச் சேரும் வயல்கள் துண்டு துண்டாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அப்படிப்பட்ட நெல் பண்ணைகளுக்கு டொயோட்டா ஆட்கள் வந்து வேலையைப் பார்த்தார்கள். நெல் பயிரிட அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்ணில் பட்டது ஒன்று: தட்டில் வளர்க்கும் நாற்று. குறைந்துவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் தட்டுகள் போட்டு, நடவு முடிந்ததும் மிஞ்சியதைக் கொட்டிக்கொண்டிருந்தனர். ஓனோ வெறுத்த அதே குவியல், பச்சை நிறத்தில்! விதை, மண், உரம், தண்ணீர் விட்ட கூலி எல்லாம் அந்தக் குவியலில் போகிறது.

எந்த வயலுக்கு எந்த நாளில் எத்தனை தட்டு என்று முன்கூட்டிக் கணக்கிட்டு, நடவு வரிசைப்படி விதைத்தால் மிச்சம் குறையும். இதற்காகவும், எந்த ஆள் எந்த வயலில் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைக் கைத்தொலைபேசியில் காட்டுவதற்காகவும், டொயோட்டா ஒரு கணினி முறையைச் செய்தது. 2014 ஏப்ரலில் அய்ச்சி, இஷிகாவா ஆகிய இரு மாகாணங்களில் ஒன்பது பண்ணை நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. அதற்கு 'ஹோசாக்கு கெய்காக்கு' என்று பெயர். அமோக விளைச்சல் திட்டம் என்று தமிழில் சொல்லலாம். நம் சிறு விவசாயிக்குக் கணினி அவசியமில்லை. பாய் நாற்றங்கால் போடுகிறவர், ஏக்கருக்கு எத்தனை தட்டு போட்டோம், எத்தனை மிஞ்சியது என்று இரண்டு எண்களைச் சுவரில் எழுதி வைத்தாலே அடுத்த பட்டத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கோஷன் ஊரில் பென் ஹார்ட்மன் என்பவரும் அவர் மனைவியும் ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் காய்கறி பயிரிட்டுச் சுற்று வட்டாரத்தில் விற்று வந்தனர். அவர்களிடம் காய்கறி வாங்கும் ஒருவர் டிரெய்லர் வண்டி செய்யும் தொழிற்சாலை நடத்துபவர். தம் ஆலையின் முறையைப் பண்ணையில் செய்து பார்க்கலாம் என்று அவர்தான் தூண்டினார். அவர்கள் முதலில் செய்தது, பண்ணையில் சேர்ந்து கிடந்த வேண்டாத கருவிகளைக் கழித்ததே. மீதி உள்ளவை, பயன்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கின. வாடிக்கையாளர் விரும்பாத காய்களைப் பயிரிடுவது நின்றது. 2015-ல் இதைப் பற்றி அவர் புத்தகமே எழுதினார். வேலை நேரம் குறைந்து வருமானம் கூடியது என்பது அவர் கணக்கு. அவருடைய சந்தையும் நம் சந்தையும் வேறு என்பதை மறக்கக் கூடாது. கருவிகளைத் தொங்கவிடுவதற்குச் சந்தை தடையில்லை.

கயிற்றை மட்டும் பார்த்தவர்கள்

பார்த்து வந்தால் போதும், எல்லாம் வந்துவிடும் என்பதில்லை. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, ஓயாத தகராறும் வேலைக்கு வராமையும் மலிந்து, 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. ஆட்களும் பெரும்பாலும் பழைய ஆட்களே. குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பி, டகாவோக்கா ஆலையில் சில வாரங்கள் உடன் வேலை செய்ய வைத்தார்கள். அங்கே தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். தவறு கண்ட தொழிலாளி அதை இழுத்தால் உதவிக்கு ஆள் ஓடி வருவார். உடனே சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். சாகிச்சியின் தறி தானே நின்றது போலத்தான். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். இங்கே நிறுத்தியவரை யாரும் திட்டவில்லை. அதே ஆட்கள், அதே கூரை, ஆனால் நல்ல வண்டிகள் வெளிவந்தன. அந்தக் கூட்டு ஆலை 2010 வரை நடந்தது.

அதைப் பார்க்க வேறு ஆலைகளின் மேலாளர்கள் வந்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள், தங்கள் ஆலையிலும் கட்டினார்கள். ஆனால் இழுத்தவரை மேஸ்திரி முறைத்தார். பிறகு யாரும் இழுக்கவில்லை.

விவசாயத்திலும் இந்த விஷயம் கொஞ்சம் கூச்சமானதுதான். களையெடுக்க வரும் பெண்ணுக்கு வேலையின் சுணக்கம் எங்கே என்று நன்றாகத் தெரியும். களைக்கொத்தின் காம்பு குட்டையாக இருப்பதால் முதுகு வலிக்கிறது, குடிக்கத் தண்ணீர் வயலின் மறு கோடியில் இருக்கிறது, வரப்பு வழுக்குகிறது என்பதெல்லாம் முதலாளிக்கு முன் அவருக்குத் தெரியும். சொன்னால் நாளைக்கு இரண்டு ஆள் குறைத்துக் கூப்பிடுவார் என்று தோன்றினால் அவர் ஏன் சொல்லப் போகிறார்? "அக்கா, இதில் எது உங்களுக்குக் கஷ்டம்?" என்று கேட்டு, அன்றைக்கே காம்பை மாற்றிக் கொடுத்தவரிடம்தான் அடுத்த யோசனை வந்து சேரும். மிச்சப்பட்ட நேரத்துக்குக் கூலியைப் பிடிப்பவருக்கு யோசனையும் நின்றுவிடும்.

போய்ப் பார்ப்பது எப்படி?

இதற்கு ஜப்பான் போக வேண்டியதில்லை. சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி நடத்திவந்த பிரேக் பிரிவு, தர நிர்வாகத்துக்காக ஜப்பானில் வழங்கும் டெமிங் பரிசை 1998-ல் பெற்றது. பெரிய மோட்டார் ஆலைதான் வேண்டும் என்பதுமில்லை. கொழும்பில் காசல் வீதி மகளிர் மருத்துவமனை 2000-ஆம் ஆண்டு வாக்கில் இந்த ஐந்து சொற்களைக் கைக்கொண்டது. பிற்பாடு ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு அது பெயர் பெற்றது. பக்கத்து ஊர் நூற்பாலை, பால் குளிரூட்டும் நிலையம், நவீன அரிசி ஆலை என்று எது ஒழுங்காக நடக்கிறதோ அதைப் பார்க்கலாம்.

உழவர் குழு வழியாக எட்டு, பத்துப் பேராகச் சேர்ந்து, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்பது நல்லது. காலை மூடும் செருப்பு வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டியோ துண்டைத் தொங்கவிட்டோ இயந்திரம் பக்கம் போகக் கூடாது. ஆலைக்காரர்கள் பெரிய இயந்திரத்தைக் காட்டத்தான் ஆசைப்படுவார்கள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழுதுபார்க்கும் அறையையும் கிடங்கையும் காட்டச் சொல்ல வேண்டும். துடைப்பம் எங்கே தொங்குகிறது, ஒரு கருவி காணாமல் போனால் யாருக்கு முதலில் தெரியும், போன மாதம் தொழிலாளர் சொன்ன யோசனைகளில் எதைச் செய்தீர்கள் என்று கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு, அலுவலக அறையில் இருப்பவரைவிட இயந்திரத்தடியில் நிற்பவர் சொல்லும் பதிலே நம்பத் தக்கது.

ஷிப்ட் மாறும் வேளையில் அங்கே இருக்கும்படி நேரம் கேட்டு வாங்குவது நல்லது. முதல் ஷிப்ட் ஆட்கள் துடைத்துப் பெருக்கி, கருவிகளை எண்ணி வைத்து, அடுத்த ஆட்களிடம் ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிடத்தை அருகில் நின்று பார்க்க வேண்டும். முறைத் தண்ணீர் முடிந்து மண்வெட்டியைக் கழுவி ஆணியில் மாட்ட அவ்வளவு நேரம் கூட ஆகாது.